ரப்ஹா கதவைத் திறந்தாள்

பெனி சாஃப் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்துவிட்டால் ஆம்பளைகளுக்கு இரண்டு வேலைதான் மிச்சம். ஒன்று, பூஸியான் காப்பிக்கடையில் உட்கார்ந்து டோமினோ ஆடுவது. இன்னொன்று, கல்யாணப் பாட்டுக்காரி ஷேக்கா ஹலூமா காஸெட்டில் அந்த ஒரு அடியில் என்ன பாடினாள் என்று மல்லுக்கு நிற்பது. டோமினோவிலாவது கடைசியில் எவனாவது ஜெயிப்பான்.

காப்பிக்கடைக்கு நேர் எதிர்ச்சாரியில் ரப்ஹாவின் அடுப்பு. கடலைமாவைக் கரைத்து அகலத் தட்டில் ஊற்றி, மேலே முட்டை பூசி, தீக்குள் தள்ளுவாள். மேல்தோல் லேசாகக் கருகும் நேரம் பார்த்து வெளியே இழுப்பாள். கத்தியால் ஒரு வெட்டு, ரொட்டியில் ஒரு பிளப்பு, சீரகத்தூள், மிளகாய்ச் சாந்து. அதுதான் கரன்டிகா. வாங்கிக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான். அவளிடம் வாயாட எவனும் நிற்பதில்லை. நின்றால், "வழிய மறைக்காத. பின்னால நிக்கிறவன் மூஞ்சி எனக்குத் தெரியணும்" என்பாள்.

ஊர் சண்டை போட்ட அந்த அடி அவளைப் பற்றியது என்று பாதி ஊர் சொன்னது. இல்லவே இல்லை என்று மீதி ஊர் சொன்னது. இரண்டு பாதியும் அவள் கையால்தான் தின்றது.

"சத்தத்தக் கூட்டு பூஸியான்," என்பான் டாக்ஸி ஓட்டுகிற கத்தா. "இப்ப வரும் பாரு. புருஷன் கடல்ல, பாய்மரம் காத்துல, வாசல்ல எவனோ தட்டுறான்... இந்தா! ரப்ஹா கதவத் தெறந்தா, வேணாம்னு சொல்லல! ரப்ஹா! வெட்டுக் கத்தி மாதிரிக் கேக்குது."

"இஞ்சின் சத்தம் கேட்டே உனக்குக் காது செத்துப்போச்சு," என்பான் வலை பின்னுகிற முக்தார். "உயிருன்னு பாடுறா. அவ உயிரு கதவத் தெறந்துச்சு."

"உயிரு எப்படிடா கதவத் தெறக்கும்? அதுக்குக் கையா இருக்கு?"

"உனக்கு மூளையா இருக்கு? நீ வண்டி ஓட்டல?"

மூலையில் ஹாஜி பூஅமாமா கைத்தடியால் தரையைத் தட்டுவார். அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இன்னொன்று அவர் இஷ்டத்துக்குக் கேட்கும். "ரெண்டு பேரும் கழுதைங்க. அந்த எடத்துல அவ இருமினா. அந்த வருஷம் ஊருக்கே இருமல்."

எங்கள் பேச்சில் உயிருக்கு ரூஹ் என்று பெயர். அவளுடைய உயிர் என்றால் ரூஹ்ஹா. அதற்கும் ரப்ஹாவுக்கும் நடுவில் ஒரு துளிதான் வித்தியாசம். சரியாக அந்தத் துளியின் மேல் மேளக்காரியின் கை விழுந்து தொலைத்திருந்தது. காஸெட்டில் 'தம்' என்று ஒரு அடி, பின்னால் 'ஹா'. அவ்வளவுதான். அந்த 'தம்'முக்குள் அவனவன் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்பிக்கொண்டான்.

உள்ளே இருந்து கேட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. ஆனால் அது பொம்பளைகள் கச்சேரி. கல்யாண வீட்டில் எங்கள் பெண்களுக்குத் தனி மத்தியானம் உண்டு. பாடுகிறவள் பொம்பளை, தப்ஸ் அடிக்கிறவள் பொம்பளை, ஆடுகிறவள் பொம்பளை. மீசை முளைத்த எவனும் படி தாண்ட முடியாது. உள்ளே பாடினது உள்ளேயே கிடக்கும். வீட்டுக்குப் போய் எவளும் புருஷனிடம் வாயைத் திறக்கமாட்டாள். அந்த மாதிரிப் பாட்டைக் கேட்டு ஆடினேன் என்று எவள் ஒத்துக்கொள்வாள்? கையில் மருதாணி காய்வதற்குள் பாட்டை மறந்துவிட வேண்டும், அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். ஆம்பளைகள் தெருவில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, புதினாத் தேநீர் குடிப்பதுபோல் நடித்துக்கொண்டு, காதைச் சுவரில் ஒட்டவைத்திருப்பார்கள். சுவர் வழியாகக் கேட்டதற்குச் சாட்சி சொல்வதில் எங்கள் ஆட்களை அடிக்க ஆளே கிடையாது.

ஹலூமா அந்தப் பாட்டைப் பாடின அன்றைக்கு எவனோ ஒரு புண்ணியவான் டேப் ரிக்கார்டரைச் சன்னல் கட்டையில் வைத்துப் பதிந்துவிட்டான். சன்னல் மூடியிருந்தது. அதுவே போதுமென்று ஆகிவிட்டது. ஒரு காஸெட் பத்தாகி, பத்து ஊரெல்லாம் ஆகி, டாக்ஸிகளில் ஓடத் தொடங்கியது.

ரப்ஹா அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் கிடந்தாள். ஆனால் புருஷன் லஹ்வாரி மத்திப் படகில் போகிறவன். வீடு துறைமுகத்துச் சந்தில். வயது இருபத்துச் சொச்சம், நல்ல உயரம், தலையைக் குனிந்து நடக்கத் தெரியாது. பாட்டுக்கு ஆள் வேண்டும் என்று ஊர் தேடினபோது அளவெடுத்துத் தைத்ததுபோல் கிடைத்தாள்.

லஹ்வாரி அந்தப் பாட்டை டாக்ஸியில் கேட்டான். அவன் வீட்டுக்கு வந்தபோது மூட்டையில் மீன் இல்லை, முகத்தில் ரத்தம் இல்லை.

"ஹலூமா யாரப் பத்திப் பாடினா?" என்றான்.

"ஹலூமாகிட்டக் கேளு."

"உன்னத்தான் கேக்கறேன். எவன் வந்தான்?"

"நீ கடலுக்குப் போறப்ப எவ வந்தான்னு நான் என்னைக்காச்சும் கேட்டிருக்கேனா?"

"இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

ரப்ஹா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நான் இல்லைன்னு சொல்லித்தான் நீ நம்பணும்னா, அந்த நம்பிக்க எனக்கு வேணாம்."

அதற்கப்புறம் அவன் ஸ்பெயின் பக்கம் போன படகில் ஏறினான், திரும்பவில்லை. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று சொன்னார்கள். அங்கே அவளுக்கு எந்தப் பாட்டு கிடைத்ததோ.

மற்றவளாக இருந்தால் ஊரைவிட்டுப் போயிருப்பாள், அல்லது முக்காட்டை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டு நடந்திருப்பாள். ரப்ஹாவின் அண்ணன் சந்தைக்குள்ளேயே ஒரு நல்ல மூலை பார்த்துக் கொடுத்தான், கடை போடு என்று. மாட்டேன் என்றாள். காஸெட் எங்கே ஓடுகிறதோ அதற்கு எதிரேதான் அடுப்பு வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று, வைத்தாள்.

"ஏம்மா இப்படி நெருப்ப எடுத்துத் தலையில வைக்கிறே?" என்றான் அண்ணன்.

"முதுகுக்குப் பின்னால பேசினா காதுல விழாது. எதிர்ல பேசட்டும். எவன் பேசுறான்னு எனக்கும் தெரியணுமில்ல?"

முதல் நாள் கத்தா வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டச் சொன்னான். அந்த அடி வந்தபோது காப்பிக்கடை முழுக்கத் தெருவைத் திரும்பிப் பார்த்தது. ரப்ஹா தட்டை வெளியே இழுத்து, கத்தியின் முதுகால் விளிம்பில் 'தம்' என்று ஒரு போடு போட்டாள். காஸெட்டில் மேளக்காரி அடித்த அதே இடத்தில், கொஞ்சமும் பிசகாமல். "சூடா இருக்கு, வாங்க!" என்றாள். அன்றைக்குத் தட்டு காலி.

இப்படியே வண்டி ஓடியது. மகள் பத்ரா வளர்ந்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். ஹலூமா செத்துப்போனாள். அன்றைக்கு அவளுக்குத் தப்ஸ் அடித்த மேளக்காரி நபியா குழுவை எடுத்து நடத்தினாள். ஹலூமா என்ன பாடினாள் என்று ரப்ஹா ஒருத்தியிடமும் கேட்டதில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. பாட்டு தன்னைப் பற்றியதா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி, எண்ணெய்க்காரன் பெண்டாட்டி, ஏன், அவள் அண்ணன் மனைவிகூட அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து கைதட்டினவர்கள். அவர்களுக்குத் தெரியும். தெருவில் ரப்ஹாவைப் பார்த்தால் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, கண்ணை மட்டும் வேறு எங்காவது வைத்துக்கொள்வார்கள். ஆம்பளைகள் உளறியதைவிட அதுதான் ரப்ஹாவுக்கு நெஞ்சில் முள். தெரிந்தவள் வாயைத் திறக்கட்டும், நான் போய்க் கேட்கமாட்டேன் என்று இருந்துவிட்டாள்.

அப்போதுதான் கஸவாத்திலிருந்து பத்ராவைப் பெண் கேட்டு வந்தார்கள்.

பையன் சுஃப்யான் துறைமுகத்து ஐஸ் கிடங்கில் வேலை பார்ப்பவன். பத்ராவுக்கு அவன் மேல் உயிர், அவனுக்கு இவள் மேல் அதைவிட. அப்பன் இல்லாத பையன். பெரியப்பா சி தய்யிப்தான் வீட்டுக்குப் பெரியவர்; 'சி' என்பது ஊர் கொடுத்த மரியாதை. நாலு லாரி வைத்திருப்பவர், தாடியைத் தடவிக்கொண்டே பேசுகிறவர். கூட சுஃப்யானின் அம்மா மஹ்ஜூபா. வந்ததிலிருந்து அவள் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

காப்பி வந்தது, பாதாம் பணியாரம் வந்தது. சி தய்யிப் ஒன்றைத் தின்று விரலைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு தங்கம். அதுல பேச்சே இல்ல," என்றார். "ஆனா பாருங்க தங்கச்சி, எங்க ஊர்லயும் டாக்ஸி ஓடுது. அந்தப் பாட்டு அங்கயும் ஓடுது."

"நல்ல பாட்டு. ஓடட்டும்," என்றாள் ரப்ஹா.

"நாளைக்கு என் லாரிக்காரப் பயலுங்களே எம் முதுகுக்குப் பின்னால பாடுவானுங்க. அதனால நான் ஒரு வழி யோசிச்சேன். அந்த மேளக்காரி இன்னும் உசிரோடதான இருக்கா? அவளக் கூட்டிக்கிட்டு இமாம் முன்னால போங்க. அது உங்க பேரு இல்லைன்னு அவ ஒரு சத்தியம் பண்ணட்டும். வர்ற வெள்ளிக்கெழம பாத்திஹா ஓதிக் கல்யாணத்த உறுதி பண்ணிடலாம்."

பத்ரா சமையலறை வாசலில் நின்றபடி அம்மாவைப் பார்த்தாள். சரி என்று சொல்லு யம்மா என்று அந்தக் கண் கெஞ்சியது.

"சத்தியமெல்லாம் கெடையாது," என்றாள் ரப்ஹா.

"ஏன்? பயமா?"

"எனக்கென்ன பயம்? அன்னைக்கு நான் அங்க இல்ல. உள்ள முப்பது பொம்பளைங்க இருந்தாங்க. எல்லாரும் உங்களப் போல ஆளுங்களோட பொண்டாட்டிங்க, தங்கச்சிங்க. வீட்டுக்குப் போய் அவங்கள நிக்கவச்சுக் கேளுங்க. கூப்பிட வேண்டியது என்னையில்ல."

மஹ்ஜூபாவின் கையிலிருந்த கிண்ணம் தட்டில் மோதிச் சத்தம் போட்டது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க அந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேக்கறதில்ல," என்றார் சி தய்யிப்.

ரப்ஹா சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக்கூடாது. அவர் எழுந்துவிட்டார்.

அவர்கள் போனதும் பத்ரா வெடித்தாள். "ஒரே ஒரு வார்த்த யம்மா! நபியா சின்னம்மாவக் கூட்டிட்டுப் போய் நிக்கறதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு? அப்பாவ அனுப்பின மாதிரி இவனையும் அனுப்பப் போறியா?"

அது சரியாகப் போய்ப் பட்டது. மறுநாள் காலை ரப்ஹா அடுப்பை மூட்டாமல் நபியா வீட்டுக்கு நடந்தாள். தன் பேருக்காக ஒருத்தர் வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. மகளுக்காக என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

நபியா முற்றத்தில் தப்ஸைக் கணப்புச் சூட்டில் காட்டித் தோலை முறுக்கேற்றிக்கொண்டிருந்தாள். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். "வாடி என் சிங்கமே! விஷயம் எனக்கு வந்து சேந்துச்சு. இமாமா? போலாம். சத்தியமா? பண்ணிடறேன். சொல்லு, உயிருன்னு சொல்லணுமா, இல்ல வேற எதாச்சும் சொல்லணுமா?"

"எதச் சொன்னா நல்லதுன்னா கேக்கறே?"

"பின்ன? உனக்கு எது வேணுமோ அதுதான். நமக்குள்ள என்னடி?"

ரப்ஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நான் கேக்கறதுக்குத் தகுந்த மாதிரி நீ சத்தியம் பண்ணுவேன்னா, நாளைக்கு இன்னொருத்தன் கேக்கறதுக்குத் தகுந்த மாதிரியும் பண்ணுவே. வேணாம் நபியா. ஒக்காந்து மேளத்தக் காயவை."

"அடி பைத்தியமே, நெசமாவே அது..."

"சொல்லாத!" ரப்ஹா போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. "நீயா வந்து தெருவுல நின்னு சொல்லியிருந்தா அது பேச்சு. நான் கேட்டு நீ சொன்னா அது பிச்ச."

வீட்டுக்கு வந்து மகளிடம் மறைக்கவில்லை. "போனேன். வாசல்வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். என் பேர இன்னொருத்தி வாயிலருந்து கடன் வாங்கி, அத உன் கழுத்துல போட்டு அனுப்ப என்னால முடியாது. அந்தப் பையன் ஆம்பளையா இருந்தா அவனா வருவான். வரலைன்னா, வராதவன் வீட்டுக்கு நீ போகாததே நல்லது." பத்ரா அன்றைக்கு அம்மாவிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தட்டில் வைத்ததைத் தின்றாள், வேலைக்குப் போனாள். ரப்ஹா மாவைக் கரைக்கும்போது முன்னைவிட வேகமாகக் கரைத்தாள், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

சுஃப்யான் வந்தான். வந்து என்ன பயன்? "பெரியப்பா இல்லாம பாத்திஹா ஓதினா எங்கம்மாவ வீட்டவிட்டு அனுப்பிடுவாரு மாமி, அது அவரு வீடு" என்று தலையைத் தொங்கப்போட்டான். "பாட்ட அவரே கேக்கணுமாம். கேட்டுட்டு முடிவு சொல்றாராம்."

கேட்கத்தான் வந்தார் சி தய்யிப். மீன் ஏலம் முடிந்து காப்பிக்கடை நிரம்பியிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். வெள்ளைக் காரைக் கடை ஓரம் நிறுத்தினார். மஹ்ஜூபாவைப் பின்சீட்டிலேயே இருக்கச் சொன்னார். காப்பிக்கடைக்குள் எங்கள் ஊரில் பொம்பளை போவதில்லை. உள்ளே போய் நடு மேசையில் உட்கார்ந்து, "போடுங்க அந்தக் காஸெட்ட" என்றார்.

ரப்ஹா எதிரே ரொட்டி பிளந்துகொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. நாலு மீசை சேர்ந்து தன் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. மகள் கல்யாணம் அந்த 'தம்'முக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

பாட்டு ஓடியது. அந்த அடி வந்தது.

"ரப்ஹா!" என்றான் கத்தா.

"உயிரு! அல்லாவுக்காகச் சொல்றேன், உயிரு!" என்றான் முக்தார்.

"மறுபடி போடு," என்றார் சி தய்யிப்.

மறுபடி போட்டார்கள். அவர் கண்ணை மூடி, தாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எனக்கு என்னமோ ரப்ஹான்னு கேக்கற மாதிரித்தான் இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" கத்தா மேசையில் அடித்தான். டோமினோக் கட்டைகள் கவிழ்ந்தன.

"நீங்க அந்தப் பேரோட வந்திருக்கீங்க, அதான் அந்தப் பேரு கேக்குது," என்றான் முக்தார். "நான் காலையில மத்தின்னு நெனச்சுக்கிட்டு வந்தேன்னா எனக்கு மத்தின்னு கேக்கும்."

"இருமல்," என்றார் பூஅமாமா.

"இன்னொரு தடவ போடு."

மூன்றாம் தடவை ஓடும்போது கார்க் கதவு திறந்தது. மஹ்ஜூபா இறங்கினாள். தெருவில் போன கழுதை வண்டிக்காரன் கூட நின்றுவிட்டான். நேரே காப்பிக்கடைப் படியேறி உள்ளே போனாள். இரண்டு பக்கமும் ஆம்பளைகள் நாற்காலியை இழுத்து ஒதுங்கினார்கள், தீப்பிடித்த பொருள் நடந்து வருவதுபோல. பூஸியான் மேடைமேல் இருந்த டேப் ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கினாள். பாட்டு நின்றது.

"நான் உள்ள இருந்தேன்," என்றாள்.

"காருல போய் ஒக்காரு," என்றார் சி தய்யிப்.

"என் சின்னம்மா மகளுக்குத்தான் அன்னைக்குக் கல்யாணம். நான் கஸவாத்திலருந்து வந்து ஒரு வாரம் இருந்தேன். மேளக்காரி முழங்காலு எம் முழங்கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவு கிட்ட. உயிருன்னுதான் பாடினா."

காப்பி யந்திரம் மட்டும் புஸ் என்று மூச்சு விட்டது.

கத்தாவால் சும்மா இருக்க முடியவில்லை. "தங்கச்சி, தப்பா நெனக்காதீங்க, மேளத்துக்குப் பக்கத்துல ஒக்காந்தா சரியாக் கேக்காம இருந்திருக்கலாம்..."

"நான் உள்ள இருந்தேன். நீ சுவத்துக்கு வெளிய தேத்தண்ணி குடிச்ச. எனக்கே சொல்லித் தர்றியா?" மஹ்ஜூபா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. சி தய்யிப்பைத்தான் பார்த்தாள். "இன்னொண்ணும் கேட்டுக்குங்க மச்சான். அந்தப் பாட்டு யாரப் பத்தினதும் இல்ல. என்னப் பத்தினதுன்னு நெனச்சுத்தான் நான் எந்திரிச்சு ஆடினேன். அங்க ஆடின ஒவ்வொருத்தியும் அப்படித்தான் ஆடினா. உங்க தங்கச்சியும் இருந்தா. அவ என்னவிட அதிகமா ஆடினா."

கடையில் ஒருத்தனும் இருமவில்லை. பூஅமாமாகூட.

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றார் சி தய்யிப். முகம் செங்கல்லாக இருந்தது.

"பேசியாச்சு. இப்ப நடுத்தெருவுல பேசினத வீட்டுக்குள்ள போய் என்னத்தப் பேசறது? வீட்டவிட்டு அனுப்பணும்னா அனுப்புங்க. மகன் ஐஸ் கெடங்குல சம்பாதிக்கிறான். ஒரு ரூம் கெடைக்காமயா போயிடும்?"

அவள் படியிறங்கித் தெருவைத் தாண்டி ரப்ஹாவின் அடுப்பு முன்னால் வந்து நின்றாள். கட்டிப் பிடித்து அழப்போகிறார்கள் என்று காப்பிக்கடை எட்டிப் பார்த்தது. ரப்ஹா அழுகிற ஜாதியில்லை.

"இத்தன வருஷம் எங்கடி போயிருந்த?" என்றாள்.

"பயந்துக்கிட்டிருந்தேன்."

"நல்லாத்தான் பயந்திருக்கே. அதுக்குள்ள எம் புருஷன் ஓடிட்டான், எம் முடி நரச்சுப்போச்சு. அன்னைக்கு எம் மக முன்னால ஒக்காந்து பணியாரம் தின்னப்பகூட வாயத் தெறக்கல நீ."

"இன்னைக்குத் தெறந்தேன்."

ரப்ஹா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டின் நடுவிலிருந்து, நன்றாகக் கருகின மேல்தோலோடு ஒரு பெரிய துண்டு வெட்டி, ரொட்டியில் வைத்து நீட்டினாள். "தின்னு. ரத்தமே இல்ல மூஞ்சியில." மஹ்ஜூபா அங்கேயே நின்று, நடுத்தெருவில், ஆம்பளைகள் பார்க்க, கையால் தின்றாள். மிளகாய்ச் சாந்து உதட்டில் பட்டு ஊதிக்கொண்டே தின்றாள். சி தய்யிப் காரைக் கிளப்பினார், பிறகு என்ன நினைத்தாரோ அணைத்தார். தம்பி பெண்டாட்டியைத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் கஸவாத் டாக்ஸிகளுக்குப் புதுப் பாட்டு கிடைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தின்று முடிக்கும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

பாத்திஹா ஓதினார்கள். சத்தியம் இல்லை, இமாம் முன்னால் மேளக்காரி இல்லை.

சி தய்யிப் கடைசியாக ஒரே ஒரு நிபந்தனை சொல்லியனுப்பினார். பொம்பளைகள் கச்சேரியில் அந்தப் பாட்டு வேண்டாம், வேறு ஆயிரம் பாட்டு இருக்கிறதே என்று. ரப்ஹா அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தவனுக்கு ரொட்டி கொடுத்து அனுப்பினாள். சரி என்றுதான் அர்த்தம் என்று அவன் போய்ச் சொல்லியிருப்பான். ஆம்பளைகள் காது அப்படி.

கல்யாண மத்தியானம் வந்தது. ரப்ஹாவின் வீட்டு முற்றமும் கூடமும் பொம்பளைகளால் நிரம்பி வழிந்தன. எண்ணெய்க்காரன் பெண்டாட்டி வந்திருந்தாள், அண்ணன் மனைவி வந்திருந்தாள். அன்றைக்கு உள்ளே இருந்த பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பத்ரா நடுவில் பட்டுத் திண்டில், கைநிறைய மருதாணியோடு. அம்மாவோடு பேச்சு வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் அம்மா முகத்தைப் பார்த்தாள். வெளியே தெருவில் பந்தல். சி தய்யிப் முதல் இருக்கையில். கத்தா, முக்தார், பூஅமாமா, மொத்தக் காப்பிக்கடையும் சுவரை ஒட்டி வரிசையாக. கத்தா மடியில் டேப் ரிக்கார்டர் இருந்தது. வெட்கம் என்பது அந்த மனுஷனைத் தொட்டதே இல்லை.

நபியா தப்ஸைத் தட்டிப் பார்த்தாள். நாலைந்து பாட்டு முடிந்தது. அப்புறம் ரப்ஹாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். எல்லோருக்கும் தெரியும், எந்தப் பாட்டு என்று.

"பாடு," என்றாள் ரப்ஹா.

"உயிருன்னுதான? ஹலூமா பாடின மாதிரி?"

"என் பேர வச்சுப் பாடு."

அண்ணன் மனைவி கையை வாயில் வைத்தாள். "ஏன் ரப்ஹா? இப்பத்தான் உம்மேல இருந்த பழி போச்சு. தெருவே ஒத்துக்கிச்சு. மறுபடி ஏன் இழுத்துப் போட்டுக்கறே?"

"எவ ஒத்துக்கச் சொன்னா? அவனுங்க தந்தா வாங்கிக்கவும், பிடுங்கினா விட்டுடவும் என் பேரென்ன அவனுங்க வீட்டு டோமினோவா? அந்தப் பாட்ட எம் மேல போட்டானுங்க. இத்தன வருஷம் தூக்கினது நானு. தூக்கினவளுக்குத்தான் சொந்தம்." திரும்பி மஹ்ஜூபாவைப் பார்த்தாள். "உனக்கு ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடு சம்பந்தி. போன தடவ மாதிரி வருஷக்கணக்கா கழிச்சு வந்து சொல்லாத."

மஹ்ஜூபா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். அதுதான் அவள் பதில்.

ரப்ஹா தெருப்பக்கச் சன்னலுக்குப் போனாள். கச்சேரி நடக்கும்போது அந்தச் சன்னலை எந்த வீட்டிலும் எவளும் திறந்ததில்லை. கொக்கியைத் தூக்கி இரண்டு கதவையும் சுவரில் மோதும்படி விரியத் தள்ளினாள். வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. முகத்தை மூட நினைத்தவர்கள் மூடிக்கொண்டார்கள். பாதிப்பேர் மூடவில்லை. பந்தலுக்கடியில் இருந்த ஆம்பளைகள் சட்டென்று நிமிர்ந்தார்கள், சுவரில் ஒட்டிய காதைப் பிய்த்துக்கொண்டு.

நபியா அடித்துப் பாடினாள். அந்த இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டாள், மேள அடி விழவில்லை. பேர் மட்டும் நடுத்தெருவில் போய் விழுந்தது.

ரப்ஹா கதவைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முப்பது நாற்பது தொண்டைகள் அதை வாங்கித் திருப்பிப் பாடின. எண்ணெய்க்காரன் பெண்டாட்டிதான் எல்லோரிலும் சத்தமாக. குலவைச் சத்தம் கூரையைத் தூக்கியது.

"கேட்டியா! கேட்டியா! நான் அன்னைக்கே சொல்லல?" என்று கத்தா முக்தாரின் சட்டையைப் பிடித்தான்.

"அட மடையா, இது இன்னைக்குப் பாடினது! அன்னைக்குப் பாடினது உயிரு!"

சி தய்யிப் எழுந்துவிட்டார். காருக்கு எந்தப் பக்கம் என்று தேடுகிறவர்போல் இப்படியும் அப்படியும் பார்த்தார். சுஃப்யான் அவருக்கு முன்னால் ஒரு கிண்ணம் தேநீரை வைத்தான். பெரியப்பா என்றோ, உட்காருங்கள் என்றோ சொல்லவில்லை. தானும் நின்றுகொண்டு, சன்னலைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தான்.

ரப்ஹா சன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பில் பாதி தெருவுக்கு வருகிறமாதிரி வெளியே குனிந்தாள். நரைத்த முடி, வியர்த்த நெற்றி, சி தய்யிப்பை நேருக்கு நேர் பார்க்கிற கண்.

"காதுல நல்லா விழுந்துச்சா அண்ணே?" என்றாள். "விழலைன்னா உள்ளருந்து எவளையும் தேடிப்பிடிச்சுக் கேக்க வேணாம். நான் இங்கதான் இருக்கேன். எங்கிட்டயே கேளுங்க."